ஒபாமா படத்தைப் படியெடுத்தேன், இலைகளில் மாட்டிக்கொண்டேன்

மூன்றாவது வாரம் முடியும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகத்துக்கு நான்கு மாலைப்பொழுது, கைகளுக்கு மூன்று, கோட்டுக்கு இரண்டு (அதில் ஒன்று பூசியதைச் சுரண்டி எடுக்கவே போய்விட்டது), இலைகளுக்கு மட்டும் பதினொன்று. அதிலும் பாதி இலை இன்னும் பாக்கி. முகம்தான் கஷ்டம், பின்னணி சும்மா நிரப்புகிற வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

நான் படியெடுத்தது அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி வரைந்த பராக் ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரிக்காக வரையப்பட்டு, 2018 பிப்ரவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. ஏமி ஷெரால்ட் வரைந்த மிஷேல் ஒபாமா படமும் அன்றைக்குத்தான் திறக்கப்பட்டது. ஒபாமா டை கட்டாமல், சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, ஒரு மரநாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கால்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் மேசை இல்லை, கொடி இல்லை, திரைச்சீலை இல்லை. மேலிருந்து கீழ்வரை பச்சை இலைகள், நடுநடுவே பூக்கள். சிகாகோவுக்குச் செவ்வந்தி, ஹவாய்க்கு மல்லிகை, அப்பாவின் கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல அல்லி என்று பூக்களின் பொருளைப் படம் வெளியான அன்றே எல்லாரும் எழுதிவிட்டார்கள். நானும் படித்தேன், சரி, புரிந்துவிட்டது என்று இருந்தேன். பிறகு ஒருநாள், இவ்வளவுதான் விஷயம் என்றால் இந்தப் படம் ஏன் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று தோன்றவே, வரைந்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். பயிற்சிக்காகத்தான், விற்க அல்ல. கேன்வாஸின் பின்பக்கம் முதல் வேலையாக ‘பயிற்சிப் படி’ என்று பெரிதாக எழுதிவைத்துவிட்டேன்.

முதல் சொதப்பல் பென்சிலைத் தொடும்போதே ஆரம்பித்தது. அசல் படம் சுமார் 214 செ.மீ. உயரம், 147 செ.மீ. அகலம். என்னிடம் இருந்தது 36-க்கு 24 அங்குல கேன்வாஸ். பிரிண்டில் அகலத்துக்கு 12 கட்டம், உயரத்துக்கு 18 கட்டம் போட்டேன், கேன்வாஸிலும் அதே எண்ணிக்கையில் இரண்டு அங்குலக் கட்டங்கள். ரொம்பச் சமர்த்தாகக் கட்டம் கட்டமாக வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், ஆள் ஏதோ மெலிந்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி இருக்கிறார். மூக்கை அழித்து வரைந்தேன், தாடையை அழித்து வரைந்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் ஸ்கேலை எடுத்துப் பிரிண்டில் இருந்த கட்டத்தை அளந்தால் அது சதுரமே இல்லை. 24 அங்குல அகலத்துக்கு உயரம் 35 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரவேண்டும். நான் அதை 36-க்கு இழுத்திருக்கிறேன். நூற்றுக்கு மூன்று பங்குதான் நீட்டல், என் அளவில் முகத்தில் அது மூன்று மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் முகத்தில் மூன்று மில்லிமீட்டர் என்பது வேறொரு ஆள்.

மேலே ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டுக் கட்டத்தைத் திரும்பப் போட்டேன். முகத்தை முழுதாக அழித்து வரைந்தேன். காதுகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன், அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

படியெடுப்பவர்களுக்கு இது புதிதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் முழு உருவப்படத்துக்குப் பல படிகள் உண்டு. அதில் ஒன்றைத்தான் 1814-ல் பிரிட்டிஷ் படை வெள்ளை மாளிகைக்குத் தீவைக்க வந்தபோது அன்றைய அதிபரின் மனைவி டாலி மேடிசன் காப்பாற்ற வைத்தார். இப்போதும் வெள்ளை மாளிகையில் இருக்கும் அந்தப் படியில், மேசைக்கடியில் சாய்த்துவைத்த புத்தகத்தின் முதுகில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எழுத்து விழுந்து ‘சேட்ஸ்’ ஆகிவிட்டது. நாட்டின் சட்டப் புத்தகம் என்று காட்ட வைத்த பொருள், அதிலேயே நாட்டின் பெயர் தப்பு. இதை நினைத்தபோது என் மூன்று மில்லிமீட்டர் கொஞ்சம் லேசாகிவிட்டது.

அந்த வாஷிங்டன் படத்தைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் ஒபாமாவின் கைகளை வரைந்தேன். வாஷிங்டன் நின்றுகொண்டு வலது கையை நீட்டிப் பேசுகிற தோரணையில் இருப்பார். இடது கையில் வாள். மேசைமேல் பேனாவும் மையும், வானத்தில் ஒரு வானவில், கிரீடமோ அங்கியோ கிடையாது, கறுப்பு உடை. ராஜா இல்லை, ஆனால் ராஜாவுக்கு உண்டான தூணும் திரையும் எல்லாம் சுற்றி இருக்கும். ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தொட்டு இது இதற்கு, அது அதற்கு என்று சொல்லிக்கொண்டே போகலாம். பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1812-ல் வரைந்த நெப்போலியன் படமும் இந்த ஜாதிதான். கடிகாரம் 4:13 காட்டும், மெழுகுவத்தி கரைந்து கடைசிக்கு வந்திருக்கும், அதாவது ராத்திரி முழுக்க மக்களுக்காகக் கண்விழித்து வேலை பார்க்கிறாராம். வைலிக்கு இந்தப் பாஷை அத்துப்படி, முன்பு நெப்போலியனின் குதிரைமேல் இன்றைய இளைஞர் ஒருவரை ஏற்றி வரைந்தவர் அவர். திறப்பு விழாவில் ஒபாமா இதைச் சொல்லித்தான் சிரித்தார்: செங்கோல், சிங்காசனம், குதிரை என்று ஏதாவது போட்டு என்னை நெப்போலியன் ஆக்கிவிடாதீர்கள், இருக்கிற அரசியல் தொல்லையே போதும் என்று வைலியிடம் கேட்டுக்கொண்டாராம்.

சரி, கை. கட்டிய கைகளைப் பிரிண்டைப் பார்த்து மட்டும் வரைய எனக்கு வரவில்லை. எந்த விரல் எதற்கடியில் போகிறது, முழங்கையின் பாரம் எங்கே இறங்குகிறது என்பது பிடிபடவே இல்லை. அதனால் நானே ஒரு மரநாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்து போனின் முன்கேமராவில் படம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கேமரா கண்ணாடிபோல இடவலத்தை மாற்றிக் காட்டும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் வரைகிற மும்முரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரு மாலை முழுக்க வரைந்தபிறகுதான் கட்டைவிரல் வரவேண்டிய இடத்தில் சுண்டுவிரல் வந்து நிற்பது தெரிந்தது. டர்பன்டைனில் துணியை நனைத்து முழுதாகத் துடைத்தேன்.

அந்த மாலை வீண் என்று சொல்லமாட்டேன். அதே நிலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், முதுகு நாற்காலியில் படாது. பாரம் முழுக்க முழங்கைவழியாகத் தொடைக்கும், தொடைவழியாகப் பாதத்துக்கும் இறங்கும். குதிகால் தானாக லேசாகத் தூக்கப் பார்க்கும். ஓய்வாக உட்காருகிற நிலை இல்லை இது, எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் சட்டென்று எழுந்துவிடத் தயாராக இருக்கிற நிலை. அமெரிக்க உருவப்படங்களில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு, ஜார்ஜ் ஹீலி 1869-ல் வரைந்த லிங்கன். வெள்ளை மாளிகையின் ஸ்டேட் டைனிங் ரூமில் மாட்டியிருக்கும் அந்தப் படத்திலும் லிங்கன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, மோவாயைக் கையில் தாங்கி, யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அங்கேயும் மேசை கிடையாது. அந்தப் படத்தின் நினைவு இல்லாமல் ஒபாமாவை இப்படி உட்காரவைத்திருக்க முடியாது என்பது என் கணிப்பு. பூவைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிய அளவுக்கு இந்த உட்காரலைப் பற்றி அதிகம் பேர் எழுதாதது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ட்யூபிலிருந்த கறுப்பை நேராகப் பூசினேன், கேன்வாஸில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சுரண்டிவிட்டு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்து ஒரு கருமை கொண்டுவந்தேன், மடிப்புகளில் நீலத்தைக் கூட்டினால் துணி துணியாகத் தெரிந்தது.

இப்போது இலை. வழக்கமாக எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: ஆளை முடித்துவிட்டு, ஓரம் கெடாமல் சுற்றிச் சுற்றி இலை போட்டேன். கோட்டின் விளிம்பு வரை வந்து நிற்கும் இலை, நாற்காலிக் காலைத் தொடாமல் ஒதுங்கும் இலை. தூரத்து இலைகளை இருட்டாக்கினேன், கிட்டத்து இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தேன். இலை என்று பார்த்தால் குறை சொல்லமுடியாது, ஒவ்வொன்றும் அழகாகத்தான் வந்திருந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஸ்டூடியோவில் தோட்டத் திரையைத் தொங்கவிட்டு அதன்முன் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ மாதிரி இருந்தது. கத்தரித்து ஒட்டிய ஆள்.

இரண்டு நாள் தூரிகையைத் தொடவில்லை. அசலின் பெரிய கோப்பைத் திரையில் போட்டு, ஆளைப் பார்க்காமல் ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். அப்புறம்தான் தெரிந்தது. அங்கே இலைகள் ஒதுங்கி நிற்பதில்லை. நாற்காலிக் காலுக்கு முன்னால் வருகின்றன, காலடியில் ஏறுகின்றன. தூரம், கிட்டம் என்ற பேச்சே இல்லை. எல்லா இலைக்கும் ஒரே வெளிச்சம், பின்னால் இருப்பதாகச் சொல்லப்படுகிற இலையும் முன்னால் இருப்பது போலவே கூர்மையாக நிற்கிறது. பின்னணி பின்னால் இருக்கச் சம்மதிக்கவில்லை. வைலியே திறப்பு விழாவில் இதைச் சொல்லியிருந்தார், முன்னால் இருக்கும் மனிதருக்கும் காலடியில் தலைகாட்டத் துடிக்கும் செடிகளுக்கும் நடுவே ஒரு போட்டி நடக்கிறது, கதாநாயகன் யார், அந்த மனிதரா அவர் வாழ்கிற கதையா என்கிற பொருளில். முன்பு இதைப் படித்தபோது விழாவில் சொல்கிற அழகான வாக்கியம் என்று கடந்து போயிருந்தேன். கையால் பதினொரு மாலை தப்பாகச் செய்தபிறகு பார்த்தால், அது சுத்தமான வேலைக் குறிப்பு.

செய்த திருத்தம் இதுதான். ஏற்கெனவே காய்ந்திருந்த இருட்டு இலைகளின்மேல் நடுத்தரப் பச்சையை மெல்லிசாக ஓட்டி எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அடிக்கு விரிடியனும் பர்ன்ட் அம்பரும், நடுவுக்கு ஸாப் கிரீனில் துளி மஞ்சள் ஓக்கர், மேல் வெளிச்சத்துக்கு அதிலேயே லெமன் மஞ்சளும் வெள்ளையும். நரம்புகளைத் தனியாக வரையவில்லை, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தூரிகையின் கட்டைமுனையால் ஒரு கீறல், அடியிலிருக்கும் கருமை கோடாகத் தெரியும். அப்புறம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, முடித்து வைத்திருந்த ஷூவின்மேல் ஒரு இலையை ஏற்றினேன். மூன்று மணிநேரம் பாடுபட்டு வரைந்த ஷூ. முதல் இலைக்குக் கை நடுங்கியது. நாற்காலிக் காலின்மேல் இரண்டு, இன்னொரு ஷூவை மறைத்து ஒன்று. நான்காவது இலை விழுந்ததும் ஆள் அந்த இடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு சின்னத் திகிலும் வந்தது, இந்த இலைகளை இப்படியே வளரவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் முழங்கால்வரை வந்துவிடும் போலிருக்கிறதே என்று. பதவியில் இருப்பவரைக் கடைசியில் அவர் கதையே மூடிவிடும் என்று ஒரு நாற்காலிக் காலில் சொல்லிவைத்திருக்கிறார் மனிதர்.

வைலி தன் பின்னணிகளுக்கு ஸ்டூடியோ உதவியாளர்களை வைத்துக்கொள்பவர். நானூறாவது இலையில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

பூக்களுக்கு வந்தபோது தனிப்படங்களைத் தேடி எடுத்தேன். தேடப்போன இடத்தில்தான் சுவாரசியம். ஆப்பிரிக்க நீல அல்லியின் தாவரப் பெயர் அகபான்தஸ், நீண்ட தண்டின் நுனியில் குழல் குழலாகப் பூக்கள் உருண்டையாகச் சேர்ந்திருக்கும். அதன் சொந்த மண் கண்டத்தின் தெற்குக் கோடி, கென்யாவே இல்லை. செவ்வந்தி சிகாகோவின் அதிகாரபூர்வ மலர்தான், ஆனால் அது கிழக்கு ஆசியாவிலிருந்து போனது. ஹவாயின் மாநில மலர் மஞ்சள் செம்பருத்தி, மல்லிகை அல்ல. ஹவாயில் மாலைக்குக் கட்டுகிற மல்லிகைக்கு அங்கே பிகாகே என்று பெயர். மயிலுக்கும் அதுதான் பெயர், இளவரசி கையுலானி இரண்டின்மேலும் ஆசை வைத்திருந்ததால் வந்த பெயர். அந்தப் பிகாகே வேறு எதுவும் இல்லை, நம் குண்டுமல்லியின் இனமேதான், ஆசியாவிலிருந்து தீவுக்குப் போனது. ஆக மூன்று பூவில் ஒன்றுகூட, அது எந்த ஊருக்காக நிற்கிறதோ அந்த ஊரில் முளைத்ததில்லை. மூன்றும் குடிபெயர்ந்து போய் அங்கங்கே பேர் வாங்கியவை. ஓவியர் இதை யோசித்துச் செய்தாரோ இல்லையோ, கென்யாக்காரர் ஒருவருக்கு ஹவாயில் பிறந்து சிகாகோவில் அரசியல்வாதியான ஒருவரைச் சுற்றி வைக்க இதைவிடப் பொருத்தமான பூக்கள் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

இந்த அறிவு வந்த குஷியில் மல்லிகையைக் குண்டுமல்லியாகவே அடுக்கடுக்காக வரைந்துவைத்தேன். நம்மூர்ப் பூ அல்லவா! தள்ளி நின்று பார்த்தால் குட்டி வெள்ளை ரோஜா மாதிரி இருந்தது. படத்தில் இருப்பவை இதழ் விரிந்த சின்ன வெள்ளைப் பூக்கள். எல்லாவற்றையும் பாலெட் கத்தியால் எடுத்துவிட்டுத் திரும்ப வரைந்தேன். இன்னொன்று, டைட்டானியம் வெள்ளையை நேராக வைத்தால் பூ எகிறிக்கொண்டு வந்து முகத்தோடு சண்டைக்கு நிற்கிறது. துளிப் பச்சை கலந்து மங்கவைத்தேன், சட்டைக் காலரின் வெள்ளை மட்டும் படத்தின் மிகப் பிரகாசமான வெள்ளையாக இருக்கட்டும் என்று. நீல அல்லிக்குக் கோபால்ட் நீலம், வெள்ளை, துளி அலிசரின் சிவப்பு.

பச்சைக்கு நடுவே தோல் நிறம் திடீரென்று செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. தனியாக வரைந்தபோது சரியாக இருந்த அதே பழுப்புதான். பச்சை பக்கத்தில் வந்தாலே சிவப்பு தூக்கிக் காட்டும். கன்னத்தின் நிழல்களில் மெல்லிசாகப் பச்சை கலந்த சாம்பலை ஓட்டிச் சரிசெய்தேன். முதலிலேயே இரண்டு இலையாவது போட்டுவிட்டு முகத்தைத் தொட்டிருக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்தேன். வெள்ளைத் தாளை ஆளின் வடிவத்துக்கு நடுவில் வெட்டி, கேன்வாஸ்மேல் பிடித்து இலைகள் முழுவதையும் மறைத்தேன். காரணம், ஒபாமாவுக்கு இன்னொரு அதிகாரபூர்வ படமும் இருக்கிறது. வெள்ளை மாளிகைக்காக ராபர்ட் மெக்கர்டி வரைந்தது, 2022 செப்டம்பரில் திறந்தது. போட்டோ போன்ற துல்லியம், டை கட்டி நேராக நிற்கிறார், பின்னால் வெறும் வெள்ளை. ஒரு நிழல்கூட இல்லை. தாளை வைத்ததும் என் படம் அந்தப் பக்கம் நகர்ந்தது, ஆனால் பாதிதான். நின்றால் வெள்ளையில் நிற்கலாம் போலிருக்கிறது, இப்படிக் கேட்கிற தோரணையில் உட்கார்ந்தவர் வெள்ளையில் யார் பேச்சையோ கேட்டு ஏமாந்தவர் மாதிரி இருந்தார். என் கண்ணுக்கு இலைகள்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தன.

பொருள் வைப்பதிலும் வில்லங்கம் உண்டு என்பதற்கு அதே நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியிலேயே சாட்சி இருக்கிறது. நெல்சன் ஷேங்க்ஸ் வரைந்த பில் கிளின்டன் படத்தில் கணப்படுப்பின்மேல் ஒரு நிழல் விழுந்திருக்கும். அது கிளின்டனின் பதவியையே ஆட்டிய உறவு விவகாரத்தில் சாட்சியமான மோனிகா லெவின்ஸ்கியின் நீல உடையைக் குறிக்க வைத்தது, பொம்மைக்கு உடையை மாட்டி நிழல் விழவைத்து வரைந்தேன் என்று ஓவியரே 2015-ல் சொன்னார். அதுவரை பார்த்த யாருக்கும் அது வெறும் நிழல். சொன்னபிறகு அந்தப் படத்தில் வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. இதற்கு ஒபாமா ஷூவின்மேல் ஏறிய இலை எவ்வளவோ தேவலை, யாரும் சொல்லித்தராமலே ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

இப்போதைக்குப் படம் சுவரோரம் காய்கிறது. வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது காத்திருக்கவேண்டும், இலைகளில் வண்ணம் தடிமன், அவசரப்பட்டால் வெடிக்கும். நேற்று டேப்பை உரித்தபோதுதான் கவனித்தேன், முகத்தைத் திருத்தியபோது விட்டுவைத்த காதுகள் இன்னும் அந்தப் பழைய நீட்டின கட்டத்தின் அளவிலேயே இருக்கின்றன. கொஞ்சம் பெரிசு. சின்னத் தூரிகையை எடுத்து, பழுப்பைக் கலந்துவிட்டேன்கூட. அப்போது திறப்பு விழாவில் ஒபாமா சொன்னது ஞாபகம் வந்தது: நரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன், வைலி மறுத்துவிட்டார், காதைச் சிறிதாக்கக் கேட்டேன், அதற்கும் மறுத்துவிட்டார். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.